ஜெபித்துச் சொல்கிறோம்

என் கல்யாணத்துக்கு முதல் ஓலை வாசித்த ஞாயிற்றுக்கிழமை, நான் பாடகர் குழுவில் சபையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். எங்கள் சேலையூர் ஆலயத்தில் பாடகர்களுக்கு அந்தப் பாக்கியம் உண்டு. மற்றவர்கள் எல்லாரும் பீடத்தைப் பார்த்து உட்காருவார்கள். நாங்கள் பன்னிரண்டு பேர் மட்டும் பக்கத்து மேடையில் அவர்களைப் பார்த்து உட்காருவோம். கொட்டாவி விட்டால்கூட நாலு பேர் வீட்டுக்கு வந்து விசாரித்துவிட்டுப் போவார்கள்.

ஓலை என்றதும் பனை ஓலை என்று நினைக்க வேண்டாம். கம்ப்யூட்டரில் அடித்த தாள்தான். கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறுகள், இன்னார் மகளுக்கும் இன்னார் மகனுக்கும் திருமணம் என்று ஆயர் சபையில் வாசிப்பார். யாருக்காவது நியாயமான தடை தெரிந்தால் இப்போதே சொல்லுங்கள் என்று கேட்பார். கேட்டுவிட்டு ஒரு மூன்று விநாடி காத்திருப்பார். எனக்குத் தெரிந்து யாரும் எதுவும் சொன்னதில்லை. அந்த மூன்று விநாடியில்தான் எல்லாரும் தொண்டையைக் கனைத்துக்கொள்வார்கள்.

"துரைராஜ் அவர்களின் குமாரத்தி ஹில்டாவுக்கும், குரோம்பேட்டை சபையைச் சேர்ந்த ஆபேலுக்கும்..." என்று ஆயர் வாசித்தார். இருநூறு முகங்கள் என் பக்கம் திரும்பின. நான் சிரித்தேன். வேறு என்ன செய்வது? தடை இருப்பது எனக்குத் தெரியும். ஆனால் மணப்பெண்ணே தடை சொல்லலாமா என்று எந்தத் தாளிலும் எழுதியிருக்கவில்லை.

தடை இதுதான். நான் ஆண்டவர் பெயரில் பொய் சொல்லியிருந்தேன்.

எங்கள் ஆட்களின் வழக்கம் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஒரு வரன் வந்தால் பிடித்திருக்கிறது, பிடிக்கவில்லை என்று பட்டென்று சொல்லக் கூடாது. "ஜெபித்துச் சொல்கிறோம்" என்று சொல்ல வேண்டும். ஒரு வாரம் கழித்து "ஆண்டவர் சமாதானம் கொடுத்தார்" என்றால் சம்மதம். "சித்தம் இல்லை போலிருக்கு" என்றால் ஆளை விடுங்கள் என்று அர்த்தம். பெண் கறுப்பா? சித்தமில்லை. பையன் வாடகை வீட்டில் இருக்கிறானா? சித்தமில்லை. எனக்கு வந்த முதல் ஆறு வரன்களில் நாலு பேரை அவர்கள் பக்கமாகவும் இரண்டு பேரை எங்கள் பக்கமாகவும் ஆண்டவர் தட்டிக் கழித்தார். அதில் ஒருவரை அவர் கழித்தது என் உயரத்துக்காக என்று பிறகு காதில் விழுந்தது. பாவம் அவர், நாங்கள் செய்கிற அத்தனை தரகு வேலைக்கும் அவர்தான் கையெழுத்துப் போட வேண்டியிருக்கிறது.

ஏழாவதாக வந்தவர் ஆபேல். கொண்டுவந்தது கிறிஸ்டி ஆன்ட்டி. எங்கள் சபைப் பெண்கள் சங்கத்துக்குப் பதினேழு வருஷமாகத் தலைவி. தேர்தல் நடக்கும், ஆனால் யாருக்கும் எதிர்த்து நிற்கச் சித்தம் இருக்காது.

பெண் பார்க்க வந்த அன்று எங்களைப் பால்கனியில் பேச விட்டார்கள். ஆபேல் இருபது நிமிஷம் பேசினார். நான் மறைமலை நகரில் ஒரு கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் தரப் பரிசோதனை வேலை செய்கிறேன். மறுநாள் எங்களுக்கு ஆடிட். நானூறு பிரேக் பிராக்கெட் அளவு சரியில்லாமல் மஞ்சள் சீட்டு ஒட்டி நிற்கிறது. அவர் பேசப் பேச நான் அந்த நானூறை நினைத்துத் தலையாட்டிக்கொண்டிருந்தேன். "உங்களுக்கு ஏதாவது கேக்கணுமா?" என்று கடைசியில் கேட்டார். "இல்லைங்க" என்றேன்.

அடுத்த செவ்வாய் பதினோரு மணிக்கு கிறிஸ்டி ஆன்ட்டி போன் செய்தார். அப்போது என் மேசைக்கு எதிரில் உற்பத்திப் பிரிவு சூப்பர்வைசர் தினகரன் நின்றுகொண்டிருந்தார்.

"மேடம், லாரி நிக்குது. அஞ்சு பீஸ் பார்த்துட்டு மிச்சத்துக்கு ஓகே ஸ்டிக்கர் ஒட்டிடுங்களேன்."

"அளக்காம ஒட்ட மாட்டேன் சார். என் கையெழுத்து அது" என்று சொல்லிவிட்டுப் போனை எடுத்தேன்.

"ஹில்டாம்மா, ஒரு வாரம் ஆச்சே. ஜெபிச்சியா? ஆண்டவர் என்ன சொல்றார்?"

நான் ஒரு நாள்கூட ஜெபிக்கவில்லை. ஆடிட், ஓவர்டைம், கம்பெனி பஸ்ஸில் தூக்கம். அதைச் சொன்னால் அரை மணி நேரம் புத்தி சொல்வார். தினகரன் வாட்சைப் பார்க்கிறார். எனக்கு முப்பத்தொரு வயது, அம்மா காலையில்தான் அழுதிருந்தாள், எனக்குக் களைப்பாக இருந்தது.

"சமாதானமா இருக்கு ஆன்ட்டி" என்றேன்.

மூன்றே வார்த்தை. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நான் தவளையைவிட மோசம். தவளையாவது தன் பெயரில்தான் கத்துகிறது.

மதியச் சாப்பாட்டுக்குள் பெண்கள் சங்கத்து வாட்ஸ்அப்பில் நாற்பத்து மூன்று ஸ்தோத்திரங்கள் வந்துவிட்டன. அந்த வாரக் கூட்டத்தில் என்னைச் சாட்சி சொல்ல எழுப்பிவிட்டார்கள். எழுந்து நின்றால் வெறும் மூன்று வார்த்தையோடு உட்கார முடியுமா? அதிகாலையில் வேதம் வாசிக்கும்போது உள்ளத்தில் தெளிவாக உணர்த்தினார் என்று சொல்லி வைத்தேன். எத்தனை மணிக்கு என்று ஒரு ஆன்ட்டி கேட்டார். நாலே முக்கால் என்றேன். பொய்க்கு நேரம் வேறு!

முதல் ஓலைக்குப் பிறகு வந்த செவ்வாய்க்கிழமை ஆபேல் என்னைக் கேம்ப் ரோட்டில் ஒரு பேக்கரிக்கு வரச் சொன்னார். அவர் பல்லாவரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் பிசிக்ஸ் வாத்தியார். நல்லவர். இதைச் சொல்லாவிட்டால் கதை என் பக்கம் சாய்ந்துவிடும். பரிமாறுகிற பையனுக்கு நன்றி சொல்கிறவர், தன் முட்டை பஃப்ஸில் பாதியை என் தட்டில் வைக்கிறவர். அப்படிப்பட்டவரைப் பார்த்தும் எனக்குள் ஒன்றுமே அசையவில்லை. அவர் எதிரில் உட்கார்ந்தால் பல் டாக்டர் கிளினிக்கில் காத்திருப்பது போல இருந்தது.

"உங்ககிட்ட ஒரு விஷயம் சொல்லணும். சிரிக்கக் கூடாது" என்றார். "நான் ஆண்டவர்கிட்ட ஒரு அடையாளம் கேட்டிருந்தேன்."

"என்ன அடையாளம்?"

"இதுக்கு முன்னாடி பார்த்த அஞ்சு பேரும் கேள்வியா கேட்டாங்க. சொந்த வீடா, அம்மா கூட இருப்பாங்களா, ஃபாரின் போற ஐடியா இருக்கா. எனக்கு வெறுத்துப் போச்சு. ஒரு கேள்வியும் கேக்காம எங்கூட வர்ற பொண்ணைக் காட்டுங்க, அப்படிக் காட்டினா ஒடிசா அழைப்பு உங்ககிட்டேர்ந்துதான் வந்துச்சுன்னு நம்பறேன்னு ஜெபிச்சேன்."

"ஒடிசாவா?"

"அன்னைக்குப் பால்கனியில சொன்னேனே. மலைப்பக்கம் மிஷன் பள்ளிக்கூடம். ஜூன்ல சேரணும். அவ்வளவும் கேட்டுட்டு நீங்க ஒரே ஒரு கேள்வி கேக்கலை ஹில்டா. எனக்கு உடம்பே சிலிர்த்துப் போச்சு." அவர் கண் கலங்கியிருந்தது. "நீங்க சமாதானம்னு சொன்ன அன்னைக்கே நான் ராஜினாமா எழுதிக் குடுத்துட்டேன்."

தண்ணீர் குடித்தேன். இந்த மனிதர் ஆண்டவரிடம் கேட்ட அடையாளத்தை நான் நானூறு பிரேக் பிராக்கெட்டை வைத்து நிறைவேற்றிக் கொடுத்திருக்கிறேன். ஒடிசா என்ன, அவரோடு ஒரகடம் வரைகூடப் போக எனக்கு ஆசையில்லை. அதை அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். கலங்கிய கண்ணைப் பார்த்துச் சொல்ல வாய் வரவில்லை. "காபி ஆறுது, குடிங்க" என்றேன்.

இரண்டாம் ஞாயிறு, இரண்டாம் ஓலை. மறுபடி அந்த மூன்று விநாடி. பூங்கொத்து ஆர்டர் கொடுத்தாகிவிட்டது. அம்மா நகைக்கடைப் பையை மடியில் வைத்துக்கொண்டே பிரசங்கம் கேட்டாள். மே மாத வெயிலில் ஆலயத்து மின்விசிறிகள் சூடான காற்றை எங்கள் மேல் இறைத்துக்கொண்டிருந்தன. எழுந்து ஓடிவிடலாமா என்று நிஜமாகவே பார்த்தேன். பாடகர் மேடையிலிருந்து வெளியே போக ஒரே வழி, சபை நடுவே.

புதன்கிழமை வேலை முடிந்து நேராக ஆயர் வீட்டுக்குப் போனேன். அவரும் நல்லவர்தான். இந்தக் கதையில் கெட்டவர்கள் யாரும் இல்லை. அதுதான் கஷ்டமே.

"ஐயா, நான் ஜெபிக்காமலே சமாதானம்னு சொல்லிட்டேன்."

"யார்தான்மா போதுமான அளவு ஜெபிக்கிறோம்?" என்றார் பெருமூச்சோடு.

"போதுமான அளவு இல்லை ஐயா. ஒரு தடவைகூட ஜெபிக்கலை. பொய் சொன்னேன்."

"இப்ப உன் மனசு குத்துதே, அதுவே ஆவியானவர் உனக்குள்ள இருக்கார்ங்கறதுக்கு அடையாளம்."

"எனக்கு அவரைக் கட்டிக்க இஷ்டமே இல்லை ஐயா."

ஆயர் காபி டம்ளரைக் கீழே வைத்தார். என்னைப் பரிவோடு பார்த்தார். "கல்யாணம் நெருங்கறப்போ சத்துரு கலக்கத்தான் செய்வான். தேவ சித்தம் இல்லாத காரியத்தைக் கெடுக்க அவன் ஏன் இவ்வளவு மெனக்கெடப் போறான்? யோசிச்சுப் பாரு."

யோசித்துப் பார்த்தேன். கல்யாணம் சுலபமாக நடந்தால் அது தேவ சித்தம். நடக்காமல் தடங்கல் வந்தால் பிசாசு தடுக்கிறான், ஆகவே அதுவும் தேவ சித்தம். எனக்கு இஷ்டமில்லை என்று நான் எவ்வளவு கத்துகிறேனோ அவ்வளவு இஷ்டம் அவருக்கு என்று ஆகிறது. உள்ளேயும் வெளியேயும் சாவித் துவாரமே இல்லாத பூட்டு அது. வீட்டுக்கு வருவதற்குள் ஆயர் அம்மாவுக்குப் போன் செய்துவிட்டார்.

"எனக்குத் தெரியும்டி, பயம்தான். வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம் வெச்சாச்சு" என்றாள் அம்மா. என் அப்பா துரைராஜ் ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஒரு நாளைக்குப் பத்து வாக்கியத்துக்கு மேல் பேசாதவர். அன்றைய பத்து முடிந்துவிட்டதோ என்னவோ, பேப்பரை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டு ஹாலில் என்னை நடுவில் மண்டியிட வைத்தார்கள். ஏழு பேர் என் தலைமேல் கை வைத்தார்கள். கழுத்து உடம்புக்குள் போய்விடும் போலிருந்தது. கிறிஸ்டி ஆன்ட்டி ஜெபித்த எண்ணெயைத் தாராளமாக என் உச்சியில் ஊற்றினார். குழப்பத்தின் ஆவியே போ, சந்தேகத்தின் ஆவியே போ என்று எல்லாரும் ஒரே நேரத்தில் சத்தம் போட்டார்கள். போக வேண்டியது நான்தான் என்று யாருக்கும் தோன்றவில்லை.

அந்த ஏழு கைகளுக்கு அடியில் நான் முதல் தடவையாக ஜெபித்தேன். ஆண்டவரே, உங்களைக் கேட்காமலே நீங்கள் சொன்னதாகச் சொல்லிவிட்டேன், மன்னித்துவிடுங்கள், இப்போது நான் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டேன். காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தேன். கிறிஸ்டி ஆன்ட்டியின் வளையல் சத்தம்தான் கேட்டது. மூக்கில் எண்ணெய் வழிந்தது. எனக்குக் கோபம் வந்தது. பிறகு, பதில் தெரிந்த கேள்வியைத்தான் அவரிடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்று புரிந்தது. பொய் சொன்னவள் என்ன செய்ய வேண்டும் என்பதற்கு வானத்திலிருந்து தனியாக ஒரு குரல் வேண்டுமா என்ன?

சனிக்கிழமை காலை கம்பெனி பஸ்ஸில் ஷபீனா என் பக்கத்தில் உட்கார்ந்ததும் மூக்கைப் பொத்திக்கொண்டாள். என்னோடு பரிசோதனை அறையில் வேலை செய்கிறவள். தாம்பரத்தில் ஏறுவோம், மறைமலை நகர் போய்ச் சேரும்வரை வாய் ஓயாது.

"இன்னாடி இது, ஒரு லிட்டர் எண்ணெய் ஊத்திகினு வந்துகிற?"

எல்லாவற்றையும் சொன்னேன். பெருங்களத்தூர் நெரிசலில் பஸ் நகராமல் நின்றதால் முழுக்கதையும் சொல்ல முடிந்தது.

"எங்க வூட்லயும் இதான். நல்லது கெட்டது பார்க்க இஸ்திகாரான்னு ஒரு தொழுகை. நான்தான தொழணும்? என் பேர்ல எங்க மாமி தொழுதாங்க. அவங்க கனவுல பச்சைக் கலர் வந்துச்சாம், எனக்குக் கல்யாணம் ஆயிடுச்சு" என்று சிரித்தாள். பிறகு, "ஆமா, இதையெல்லாம் ஆயர்கிட்ட சொன்ன, என்கிட்ட சொன்ன. அந்த ஆள்கிட்ட சொன்னியா?" என்றாள்.

"இல்லை."

"வேலைய வுட்டது அவுரு. நீ ஊரெல்லாம் சொல்லிகினு கீற."

சுருக்கென்றது. அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டு மதியம் ரயில் ஏறிப் பல்லாவரத்தில் இறங்கினேன்.

கோடை விடுமுறையில் பள்ளிக்கூடம் காலியாகக் கிடந்தது. ஆபேல் ஆய்வுக்கூடத்தில் அலமாரியைக் காலி செய்து, அடுத்து வருபவருக்காகப் பொருள்களை மேசையில் பரப்பி வைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. அந்த மலர்ச்சி அடங்குவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று நின்றபடியே சொன்னேன்.

"நான் ஜெபிக்கவே இல்லைங்க. சமாதானம்னு சொன்னது பொய். பால்கனியில கேள்வி கேக்காதது நம்பிக்கையால இல்லை. நீங்க பேசினது என் காதுலயே விழலை. ஃபேக்டரியை நினைச்சுக்கிட்டிருந்தேன். எனக்கு இந்தக் கல்யாணத்துல இஷ்டம் இல்லை. உங்க மேல ஒரு தப்பும் இல்லை."

அவர் கையிலிருந்த லென்ஸைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"அப்போ எனக்குள்ள கேட்டது யாரோட குரல்?" என்றார்.

"தெரியலைங்க. என் குரலைப் பத்தி மட்டும்தான் எனக்குத் தெரியும்."

"வேலையை விட்டுட்டேன் ஹில்டா."

"தெரியும். அதை எப்படிச் சரி பண்றதுன்னு எனக்குத் தெரியலை. என்னை மன்னிச்சுடுங்க."

அவர் ஜன்னல் பக்கம் போய் நின்றார். திரும்பியபோது குரல் வாத்தியார் குரலாக மாறியிருந்தது. "சரி. இதைச் சுமுகமா முடிக்கலாம். ஆண்டவர் தடுத்துட்டார், சித்தமில்லைன்னு ரெண்டு சபையிலயும் சொல்லிடுவோம். ஒருத்தரும் மறுபேச்சு பேச மாட்டாங்க. உங்க வீட்டுக்கும் மரியாதை, எங்க வீட்டுக்கும் மரியாதை."

எனக்கு எவ்வளவு ஆசையாக இருந்தது தெரியுமா? கதவு தானாகத் திறந்து நிற்கிறது. அம்மா அழுவாள், ஆனால் தலை நிமிர்ந்து அழுவாள். நான் ஞாயிற்றுக்கிழமை பாடகர் குழுவில் ஆல்டோ குரல் பாடிவிட்டுப் பிரியாணி சாப்பிடலாம்.

"அது ரெண்டாவது பொய்ங்க" என்றேன். என் வாய்தான் சொன்னதா என்று எனக்கே சந்தேகம்.

"முதல் பொய்யைச் சொல்றப்போ இந்த யோசனை வந்திருக்கணும்!" என்றார் சத்தமாக. அடி சரியான இடத்தில் விழுந்தது. "நீங்க உண்மையைச் சொல்லி நல்லவங்க ஆயிடுவீங்க. நான் என்ன ஆவேன்? ஞாயிறு பள்ளியில பிள்ளைங்களுக்கு ஆண்டவரோட சத்தத்தை எப்படிக் கேக்கறதுன்னு சொல்லிக் குடுக்கறவன் நான். ஒரு பொய்யைக் கேட்டுட்டு ஆண்டவர் பேசினார்னு நம்பினவன்னு ஊர் சிரிக்கும்."

"உங்க பேரைச் சொல்ல மாட்டேன்."

"அதை ஆயரே வாசிச்சிடுவாரே" என்றார். இரண்டு பேருக்கும் ஒரே சமயத்தில் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடித்ததும் அறை இன்னும் காலியாகிவிட்டது.

"நான் ஒண்ணு கேக்கலாமா?" என்றேன். "ஒடிசாவுல எனக்கு என்ன வேலைன்னு நினைச்சிருந்தீங்க?"

அவர் மேசையைப் பார்த்தார். "யோசிக்கலை" என்றார். பிறகு மெதுவாக, "கேள்வி கேக்காத பொண்ணுதான் வேணும்னு கேட்டவன் நான்தானே. இதையெல்லாம் யாராவது கேட்டுடுவாங்களோன்னுதான் போலிருக்கு" என்றார்.

நான் கிளம்பும்போது வாசல்வரை வந்தார். "என் சபையில நான் பார்த்துக்கறேன். உங்க சபையில நீங்க உங்க மனசாட்சிப்படி செய்யுங்க" என்று சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போய்விட்டார்.

மூன்றாம் ஞாயிறு. ஆயர் தாளை எடுத்தார். துரைராஜ் அவர்களின் குமாரத்தி என்றதும் பாட்டுப் புத்தகத்தை மூடிக் கீழே வைத்தேன். கடைசி முறையாகக் கேட்கிறேன், தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்றார். முதல் விநாடியிலேயே எழுந்துவிட்டேன். இரண்டாவது விநாடிக்கு விட்டால் உட்கார்ந்தே இருந்திருப்பேன்.

"தடை இருக்கு ஐயா."

தொண்டையைக் கனைத்துக்கொண்டிருந்தவர்கள் பாதியில் நிறுத்தினார்கள். மின்விசிறிகள்கூட நிதானித்தாற்போல் இருந்தது.

"ஆண்டவர் எங்கிட்ட ஒண்ணுமே சொல்லலை. நான் கேக்கவும் இல்லை. சமாதானம் குடுத்தார்னு நான் சொன்னது பொய். காலைல நாலே முக்காலுக்கு நான் தூங்கிக்கிட்டிருந்தேன். எனக்கு இந்தக் கல்யாணம் வேண்டாம். இதை ஆண்டவர் சொல்லலை. நான் சொல்றேன்."

அம்மா நகைப்பையால் முகத்தை மூடிக்கொண்டாள். ஆயர் தாளை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். அப்போது மூன்றாம் பெஞ்சிலிருந்து கிறிஸ்டி ஆன்ட்டி எழுந்தார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் காலில் விழுந்து கும்பிட்டிருப்பேன்.

இரண்டு கைகளையும் மேலே தூக்கினார். "வெள்ளிக்கிழமை ஜெபிச்சோமே, ஜெபம் கேட்கப்பட்டது! குழப்பத்தின் ஆவியை விரட்டி, ஆண்டவரே இந்தப் பிள்ளையோட வாயைத் திறந்து பேச வெச்சிருக்கார்! இது அவரோட சித்தம், ஸ்தோத்திரம்!"

"ஸ்தோத்திரம்" என்றது சபை. இருநூறு முகங்களிலும் நிம்மதி. ஆயர் முகத்தில் எல்லாரையும்விட நிம்மதி.

"இல்லை ஆன்ட்டி, நான்தான் பேசினேன்" என்றேன். அதற்குள் கீபோர்டு பாட்டை ஆரம்பித்துவிட்டது. என் இருபுறமும் பாடினார்கள். என் வார்த்தையை என் கண் முன்னாலேயே எடுத்து, கழுவி, பீடத்தில் வைத்துவிட்டார்கள். எனக்குத் தலையை எங்காவது முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. அப்பா பின் பெஞ்சிலிருந்து எழுந்து வந்து மேடைக்குக் கீழே நின்று, வா என்று தலையசைத்தார். சபை நடுவே அவர் பின்னால் நடந்து வெளியே போனேன்.

அப்பாவின் ஸ்கூட்டரில் ராஜகீழ்ப்பாக்கம் தாண்டினோம். ஒரு இளநீர் வண்டியைப் பார்த்து நிறுத்தினார். இரண்டு வாங்கினார். குடித்து முடித்தும் கிளம்பவில்லை.

"உங்கம்மா ஒவ்வொரு கல்யாண நாளுக்கும் சாட்சி சொல்லுவாளே" என்றார்.

சொல்லுவாள். அப்பா மூன்று நாள் உபவாசமிருந்து ஜெபித்தபோது ஆண்டவர் அம்மாவின் பெயரைச் சொன்னார் என்று. எனக்கு மனப்பாடம்.

"அந்த மூணு நாளும் நான் டிரெயினிங்ல இருந்தேன். மெஸ்ல மூணு வேளையும் சாப்பிட்டேன்."

நான் அவரையே பார்த்தேன். அவர் இளநீர்க் குடுக்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எதுக்குப்பா அப்படிச் சொன்னீங்க?"

"உங்க தாத்தா கேட்டார், ஜெபிச்சீங்களா தம்பின்னு. போட்டோ பார்த்ததும் பிடிச்சுப் போச்சுன்னு சொல்ல வெட்கமா இருந்துச்சு."

"பிடிச்சிருந்ததா?"

"ரொம்ப."

"அதை அம்மாகிட்ட சொல்லியிருக்கீங்களா?"

"எங்க சொல்றது? ஆண்டவர் சொன்னார்னு சொன்னப்புறம், நான் சொல்றதுக்கு என்ன மதிப்பு?" என்றார். முப்பத்து மூன்று வருஷம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அவருக்காக எனக்கு வந்த துக்கம் எனக்காகக்கூட வந்திருக்கவில்லை.

நாங்கள் வீடு வந்தபோது அம்மா முன்னாலேயே வந்திருந்தாள். கிறிஸ்டி ஆன்ட்டி காரில் கொண்டுவந்து விட்டிருக்கிறார். கண் சிவந்து, புடவை மாற்றாமல் ஹாலில் உட்கார்ந்திருந்தாள். அப்பா வாசல் நாற்காலியில் உட்கார்ந்து ஷூவைக் கழற்ற ஆரம்பித்தார். நான் அவர் பக்கத்திலேயே நின்றேன்.

அம்மா என்னைத் திட்டவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. "எனக்கு ஆண்டவரே தேடிக் குடுத்தார்டி உங்கப்பாவை" என்றாள். "எத்தனை கஷ்டம் வந்தப்பவும் அந்த ஒண்ணைப் பிடிச்சுக்கிட்டுதான் நான் நின்னேன். அந்தப் பாக்கியம் உனக்கு இல்லாமப் போச்சே."

அப்பாவின் கை ஷூக் கயிற்றில் நின்றது. பிறகு தலையைத் தூக்கினார்.

"மேபல்" என்றார்.

அப்பா அம்மாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. அம்மாவும் கேட்டு நாளாகியிருக்க வேண்டும். கண்ணீரைத் துடைத்துக்கொண்டு, "என்னங்க?" என்று திரும்பினாள். சொல்லுங்கப்பா, சொல்லுங்கப்பா என்று என் உள்ளம் முழுவதும் கதறியது. அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மாவின் முகத்தில் முப்பத்து மூன்று வருஷ நம்பிக்கை அப்படியே இருந்தது. அப்பாவின் உதடு அசைந்தது.

"கொஞ்சம் காபி போடறியா?" என்றார்.